லேயர் கேக் கேட்ட டிரைவர்

டிரைவருக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. டவுன் பஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்த மனுஷர். தூக்கத்திலும் வலது கால் பிரேக்கைத் தேடும். ஏரிக்கரையில் ஒரு விடுதியில் அறை சொல்லிவைத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் கேட்கும்படி அறிவித்தார்.

"போறோம், படுக்கறோம், எழுந்து சாப்பிடறோம், மறுபடி படுக்கறோம். நடுவுல வேற எந்த வேலையும் கிடையாது."

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, "சரிங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி என்றபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கூடவே தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினார்.

தங்கை ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன் மேஜையில் உட்கார்ந்து ஆட்களை வரிசைப்படி உள்ளே அனுப்புகிறவள். பல்வலியோடு வருகிறவர்கள் முன்னால் நாள் முழுக்க முகத்தை இறுக்கமாக வைத்திருந்து பழகியதாலோ என்னவோ, கிளினிக்கை விட்டு வெளியே வந்தால் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். சத்தமே வராது. தோள் இரண்டும் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தால் அக்காவுக்கும் தொற்றிக்கொள்ளும். வீட்டில் அவளுக்குக் கிச்சுகிச்சு என்றே பெயர்.

கார் ஊரைத் தாண்டி ஒரு மணி நேரம்கூட ஓடியிருக்காது. மனைவி பின்சீட்டிலிருந்து மெல்ல முன்னால் சாய்ந்தாள்.

"என்னங்க, அடுத்த ஊர்ல ஒரு குயில்ட் கடை இருக்காம். ஒரு அஞ்சு நிமிஷம்."

குயில்ட் என்பது துண்டுத் துணிகளைக் கணக்காக வெட்டி, ஒட்டித் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து உருவாக்கும் போர்வை. அதை டிரைவர் குயில் என்றுதான் சொல்வார். அவர் வீட்டில் ஒரு குயில் இரண்டு வருஷமாக முட்டையிடாமல் உட்கார்ந்திருந்தது. கட்டிலுக்கென்று மனைவி ஆரம்பித்தது. எல்லாம் முடிந்து, சுற்றிலும் வைக்க வேண்டிய பார்டருக்கு மட்டும் துணி குறைந்துபோயிற்று. கடுகுப்பூ மஞ்சளில், மிளகைத் தட்டி இறைத்த மாதிரி சாம்பல் புள்ளி போட்ட துணி. தங்கையோடு போனில் பேசிக்கொண்டே வெட்டியதில் ஒரு முழு நீளம் தப்பாகப் போய்விட்டது.

"அந்த நேரத்துல போன் பண்ணினது யாரு?" என்பாள் அக்கா.

"அந்த நேரத்துல போனை எடுத்தது யாரு?" என்பாள் தங்கை.

அந்த மஞ்சள் அவர்கள் ஊரில் எங்குமே கிடைக்கவில்லை. ஏரிக்குப் போகிற வழியில் நாலு குயில்ட் கடைகள் இருக்கின்றன என்பதை அவள் எப்போதோ விசாரித்து வைத்திருந்தாள். ஏரியை அவள்தான் தேர்ந்தெடுத்தாள் என்பதும் அப்போதுதான் டிரைவருக்கு ஞாபகம் வந்தது.

முதல் கடை வாசலில் அவர் காரிலேயே உட்கார்ந்துகொண்டார். காலையில் அவசரப்படுத்திக் கிளப்பியதில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அஞ்சு நிமிஷம் அரை மணியாகி, அரை மணி இன்னும் நீண்டது. வயிறு கூப்பாடு போட்டது. அப்போது கிச்சுகிச்சு தலையை மட்டும் கடைக் கதவுக்கு வெளியே நீட்டினாள்.

"அத்தான், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அக்கா ரெண்டு ஜெல்லி ரோல் எடுத்துட்டா. இப்ப லேயர் கேக் பார்த்துட்டிருக்கா. எதை எடுக்கறது எதை விடறதுன்னே தெரியலை, எல்லாம் அவ்வளவு அழகா இருக்கு."

தலை உள்ளே போய்விட்டது. டிரைவர் காரை விட்டு இறங்கினார். கட்டிய புருஷன் வெளியே பட்டினி கிடக்க, உள்ளே ரெண்டு ஜெல்லி ரோலா என்று அவருக்கு மனசு ஆறவில்லை. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார்.

உள்ளே இஸ்திரிப் பெட்டியின் சூடான வாசனை. சுவர் முழுக்கப் புத்தகங்களை நிறுத்தி வைத்த மாதிரி துணிகள். கேக் கடையில் ஏன் இவ்வளவு துணி என்று ஒரு கணம் யோசித்தார். பசி அந்த யோசனையை ஓரமாகத் தள்ளிவிட்டது. கல்லா மேஜைக்குப் பின்னால் கழுத்தில் அளவுநாடாவோடு நின்ற கடைக்காரம்மாவிடம் போனார்.

"லேயர் கேக் ஒண்ணு குடுங்கம்மா. பார்சல் வேண்டாம், இங்கயே சாப்பிட்டுக்கறேன்."

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பின்னால் இருந்த தட்டிலிருந்து ஒரு கட்டுத் துணியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஒரே அளவில் வெட்டிய சதுரத் துணிகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ரிப்பன் கட்டியது.

"இதுதான் சார் லேயர் கேக். வெட்டிக் குடுக்கணுமா, அப்படியே கடிச்சுக்கறீங்களா?"

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஏதோ விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவர் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். தங்கை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். மனைவி கையில் இருந்த ஜெல்லி ரோல் அவிழ்ந்து, இரண்டு விரல் அகல நாடாத் துணிகளாகக் கடை நெடுக உருண்டு ஓடியது.

டிரைவருக்கு முகத்தில் அசடு வழிந்தது. கோபப்படலாமா என்று பார்த்தார். உருண்டு வந்த நாடா அவர் செருப்பருகே வந்து நின்றதும் அவருக்கே சிரிப்பு பீறிட்டது. கடைக்காரம்மாவும் அதற்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை. அளவுநாடா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். நாலு பிஸ்கட்டும் வந்தது.

"ஏம்மா இப்படிப் பேரு வைக்கறீங்க? பசியோட வர்றவன் கதி என்ன?"

"நானா வச்சேன்? எவளோ பசியில இருந்தவ வச்சிருக்கணும். இந்தாங்க, இந்தச் சின்னச் சதுரமெல்லாம் சார்ம் பேக். இது ஃபேட் குவார்ட்டர்."

"குவார்ட்டரா?" டிரைவர் பிஸ்கட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"நீங்க நினைக்கற குவார்ட்டர் இல்ல சார். கால் பங்குத் துணி. ஒல்லியா நீளமா வெட்டாம, குட்டையா அகலமா வெட்டினது. அதான் குண்டு."

"இந்தச் சுத்தி வச்சிருக்கறது?"

"அது போல்ட்."

அப்பாடா, தெரிந்த வார்த்தை ஒன்று வந்ததே என்று டிரைவர் நிமிர்ந்தார். ஆனால் அட்டையில் சுற்றி நிறுத்தியிருந்த துணியை எந்த ஸ்பேனரால் கழற்றுவது? மிச்ச பிஸ்கட்டைக் கடித்தார். அந்தக் கடையில் மஞ்சள் இல்லை. அக்காவும் தங்கையும் இரண்டு பை நிறைய வேறு என்னவோ வாங்கியிருந்தார்கள்.

இரண்டாவது கடை ஒரு மாடியில், ஒடுங்கிய படியேறிப் போகிற இடத்தில் இருந்தது. இந்தத் தடவை டிரைவர் காரில் தங்கவில்லை. சும்மா, கால் நீட்ட என்று சொல்லிக்கொண்டு கூடவே ஏறினார். கடைக்காரர் கண்ணாடி போட்ட, சிரிப்பே அறியாத மனிதர். மனைவி அவரிடம், "லோ வால்யூம் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

லோ வால்யூம் என்றதும் டிரைவர் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். கடைக்காரருக்குச் சத்தம் ஆகாதுபோல என்று நினைத்துவிட்டார். நுனிக்காலில் நடந்தார். இருமல் வந்ததைக் கையால் அடக்கினார். கொழுந்தியாளிடம், "அக்காகிட்ட சீக்கிரம் வரச் சொல்லு" என்று காற்றாகப் பேசினார்.

"ஏன் அத்தான், தொண்டை கட்டிக்கிச்சா?"

"உஷ். லோ வால்யூம்னு அக்கா சொன்னது கேக்கலையா?"

கிச்சுகிச்சு அப்படியே சுவரில் சாய்ந்தாள். மூச்சு வந்தபிறகு விஷயத்தைச் சொன்னாள். வெள்ளையும் சந்தனமுமாக, பூவும் கோடும் இருந்தும் இல்லாத மாதிரி வெளிறிப் போன துணிகளுக்குத்தான் அந்தப் பெயராம். பளிச்சென்ற இரண்டு துணிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடும்போது, நடுவில் போய் சமாதானம் செய்கிற துணி. "துணியும் கத்துமா?" என்று டிரைவர் கேட்டார். "பாருங்க, இந்தச் சிவப்பு எப்படிக் கத்துது" என்று அவள் ஒரு போல்ட்டை உருவிக் காட்டினாள். டிரைவர் பார்த்தார். கத்தத்தான் செய்தது.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் அவரிடம் வந்தார்.

"சாருக்கு எந்த பேட்டிங் பழக்கம்?"

டிரைவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை பெண்கள் சமாசாரத்துக்கு நடுவே ஒரு மனிதர் கிரிக்கெட் பற்றிக் கேட்கிறாரே. "ஓப்பனிங்தான். ஸ்கூல்ல எப்பவும் என்னைத்தான் முதல்ல இறக்குவாங்க."

கடைக்காரர் கண் இமைக்கவில்லை. "நான் கேட்டது நடுவுல வைக்கற பஞ்சு. காட்டனா, பாலியஸ்டரா?"

மனைவி துணிகளுக்குப் பின்னால் மறைந்தாள். தங்கை படியிறங்கி ஓடியே போய்விட்டாள்.

இங்கேயும் அந்த மஞ்சள் இல்லை. ஆனால் டிரைவர் ஒரு காரியம் செய்தார். மனைவி காசு கொடுக்கும்வரை ஒரு துண்டுத் துணியைக் கையில் வைத்து நேராக இழுத்துப் பார்த்தார்; அசையவில்லை. குறுக்காக, மூலைக்கு மூலை இழுத்தார், நீண்டு கொடுத்தது. மறுபடி இழுத்தார். "இது ஏன்?" என்றார். "மூலைவாட்டம் பயாஸ். அந்தப் பக்கம் போனா துணி சொன்ன பேச்சு கேக்காது" என்றார் கடைக்காரர். டிரைவர் அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு காரில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆரம்பித்து முடிக்காமல் கிடக்கும் குயில்ட்டுக்கு யூஎஃப்ஓ என்று பெயர் என்றதும், வீட்டில் இரண்டு வருஷமாகப் பறக்கும் தட்டோடு குடும்பம் நடத்தியிருக்கிறேனே என்றார். தையல் போட்ட இணைப்புக் கோட்டின் மேலேயே, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே திரும்ப ஊசி ஓட்டுவதற்குப் பள்ளத்தில் ஓட்டுவது என்று சொல்வார்களாம். அதைக் கேட்டதும் காரை ஓரமாக நிறுத்திச் சிரித்தார். "இருபது வருஷமா பள்ளத்துல விடாம ஓட்டணும்னு உசிரை விடறேன். நீங்க என்னடான்னா தேடிப் போய் விழறீங்க." மூன்றாவது கடைக்கு வழி கேட்க முதலில் கண்ணாடியை இறக்கியவர் அவர்தான்.

அந்தக் கடை ஒரு பழைய கிடங்கு. வாசலில் ஒரு சுற்றுலா பஸ் கோணலாக நின்றது. டிரைவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"யாரோ உடம்பு முடியாதவன் நிறுத்தின மாதிரி இருக்கு."

சொன்னது அப்படியே பலித்தது. உள்ளே நாற்பது பெண்கள். ஏதோ ஊரின் குயில்ட் சங்கமாம். வருஷத்துக்கு ஒருமுறை பஸ் எடுத்துக் கடை கடையாகப் போவார்களாம். அவர்களுக்கு நடுவே, பஞ்சுச் சுருள்களின்மேல், பஸ் ஓட்டி வந்தவர் மல்லாந்து படுத்திருந்தார். ஒரு அம்மாளின் தையல் மெஷினைத் தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டதாம். திரும்பக்கூட முடியவில்லை.

"வலிக்குதாப்பா?" என்று டிரைவர் குனிந்து கேட்டார்.

"அசைஞ்சாத்தான் வலிக்குது. மத்தபடி இந்தப் பஞ்சு ரொம்ப சுகமா இருக்கு. என்ன பஞ்சு இது?"

"காட்டன் பேட்டிங்" என்றார் டிரைவர், யோசிக்காமல்.

சிவப்புக் கண்ணாடி போட்ட தலைவியம்மா ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். வேறு டிரைவர் வர இருட்டிவிடுமாம். கடைசிக் கடை அவர்களுக்காகக் காத்திருக்கிறது. அதைத் தாண்டி, ஏரிக்கரைக்குப் பக்கத்தில்தான் அவர்கள் தங்கும் ஓட்டலும். இதற்கிடையே டிரைவரின் மனைவி தன் மஞ்சளைப் பற்றி விசாரித்திருந்தாள். இங்கே இல்லை, இருந்தால் அந்தக் கடைசிக் கடையில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் திரும்பி வந்து கணவர் பக்கத்தில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. "என்னங்க" என்றாள், அவ்வளவுதான்.

டிரைவர் பஸ்ஸைப் பார்த்தார். நாற்பது பேரைப் பார்த்தார். "சும்மா படுக்கணும்னுதானே லீவு போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தலைவியம்மாவிடம் போனுக்குக் கை நீட்டினார். பஸ் கம்பெனிக்காரர் எங்கே வேலை, எத்தனை வருஷம், என்ன லைசென்ஸ் என்று துருவித் துருவிக் கேட்டார். லைசென்ஸைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சரி என்றார்.

இடுப்பு பிடித்தவரைப் பஞ்சோடு சேர்த்துத் தூக்கி டிரைவருடைய காரின் பின்சீட்டில் கிடத்தினார்கள். காரை ஓட்டுவது கிச்சுகிச்சு என்று முடிவாயிற்று. "தயவுசெஞ்சு சிரிப்புக் காட்டாதீங்க. எனக்குச் சிரிச்சா வலிக்குது" என்று அவர் முதலிலேயே கேட்டுக்கொண்டார். அவள் சத்தியம் செய்துகொடுத்தாள். ஆனால் கார் கிளம்பும் முன்பே தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

டிரைவர் சீட்டில் ஏறினார். கண்ணாடியைத் திருப்பினார், சீட்டைத் தள்ளினார், கியரை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். அவர் மனைவி அவருக்கு நேர் பின்னாலிருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டும் பஸ்ஸில் அவள் ஏறியதே இல்லை. அவளுடைய மருந்துக்கடை வேறு தடத்தில் இருந்தது. பெரிய வளைவு ஒன்றில் அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கை வழித்துக்கொண்டு திரும்பினார். காபி தம்ளரை நகர்த்துகிற மாதிரி அவ்வளவு பெரிய வண்டி அசங்காமல் திரும்பியது. கண்ணாடியில் பார்த்தால் அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

அந்த வாயைப் பார்த்ததில்தான் மனுஷருக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. மைக்கை எடுத்தார்.

"அம்மாமார்களே, இடது பக்கம் பெரிய பள்ளம் ஒண்ணு வருது. தைக்கறப்ப நீங்க பள்ளத்துலயே ஓட்டுவீங்க. நான் பள்ளத்தை விட்டுட்டு ஓட்டறேன். அவங்கவங்க தொழில் அவங்கவங்களுக்கு."

பஸ் முழுக்க எழுந்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்த டிரைவர் நம்ம ஆளு என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதன்பிறகு அவர் ஓயவில்லை. "இப்ப பயாஸ்ல திரும்பப்போறோம், நீண்டு போயிடாம கம்பியைப் பிடிச்சுக்கோங்க" என்றார். "முன்னால போற லாரிக்காரன் யூஎஃப்ஓ மாதிரி நகரவே மாட்டேங்கறான்" என்றார். ஜெல்லி ரோல் கதையை மனைவி எழுந்து நின்று சொன்னாள். லேயர் கேக்கை இங்கயே சாப்பிட்டுக்கறேன் என்ற இடம் வந்ததும் தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார், சிரிப்பில் நனைந்துவிட்டது. நாற்பது பேரும் ஆளுக்கு ஒரு முறுக்கோ பன்னோ பழமோ முன்னால் கடத்தி அனுப்பினார்கள். டிரைவரின் மடியில் ஒரு சின்ன மளிகைக்கடையே சேர்ந்துவிட்டது.

கடைசிக் கடையில் மனைவி எல்லோருக்கும் முன்னால் இறங்கி ஓடினாள். எல்லோருக்கும் முன்னால் திரும்பியும் வந்தாள். அந்த மஞ்சள் இனி வராதாம். அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்களாம். பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து, மாதிரிக்கு வைத்திருந்த மஞ்சள் துண்டை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள். டிரைவர் மடியிலிருந்த ஒரு பன்னை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், கடிக்கவில்லை.

பைகளோடு திரும்பி வந்த தலைவியம்மா நின்று பார்த்தார். "என்னம்மா, யாரு திட்டினது?"

மனைவி விஷயத்தைச் சொன்னாள். தலைவியம்மா மஞ்சளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்குள் ஏறிக் கையைத் தட்டினார்.

"மஞ்சள் வாங்கினவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு வெட்டுங்க. எந்த மஞ்சளா இருந்தாலும் சரி."

"ஐயோ, அது ஒரே மாதிரி இருக்காதேம்மா" என்றாள் மனைவி.

"ஒரே மாதிரிதான் இருக்கணும்னு எவ சொன்னா? ஸ்க்ராப்பி பார்டர் வைம்மா. கண்டதையும் சேர்த்து வைக்கறதுக்கு அதுதான் கௌரவமான பேரு."

பைகள் திறந்தன. கத்தரிகள் வெளியே வந்தன. எலுமிச்சை மஞ்சள், முட்டைக்கரு மஞ்சள், நனைந்த வைக்கோல் மஞ்சள், குடைபோட்டது, மீன் போட்டது, வாத்து போட்டது என்று மனைவியின் மடி நிறைந்தது. மஞ்சளே வாங்காத ஒரு அம்மாள் தன் கைக்குட்டையின் மூலையை வெட்டிக் கொடுக்கப் போனார், மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். காரை நிறுத்திவிட்டு வந்த கிச்சுகிச்சு செருப்பைக் கழற்றிவிட்டு பஸ் நடைபாதையில் முழங்காலிட்டுத் துண்டுகளை வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள். இரண்டு பக்கத்துச் சீட்டிலிருந்தும் தலைகள் குனிந்தன. இதை அங்கே வை, அதை இங்கே மாற்று என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

டிரைவர் தன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை.

"அந்த வாத்தையும் மீனையும் பக்கத்துல வைக்காதே. ரெண்டும் சேர்ந்து கத்துது. நடுவுல ஒரு லோ வால்யூம் போடு."

பஸ்ஸில் அத்தனை தலையும் நிமிர்ந்து அவரைப் பார்த்தது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது, இந்த வார்த்தையைச் சொன்னது தன் வாய்தானா என்று. கிச்சுகிச்சு மறுபேச்சில்லாமல் வெளிறிய சந்தனத் துண்டு ஒன்றை நடுவில் வைத்தாள். தலைவியம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்றாரு."

முதலில் ஒருவர் கை தட்டினார், பிறகு எல்லோரும். டிரைவர் வெட்கத்தில் எதையாவது செய்ய வேண்டுமே என்று ஹாரனை அழுத்திவிட்டார். வெளியே காரின் பின்சீட்டிலிருந்து, "என்னது, கிளம்பிட்டோமா?" என்று ஒரு முனகல் கேட்டது. மனைவி இரண்டு கை மஞ்சளோடு நிமிர்ந்து, தன் புருஷனை அன்றைக்குத்தான் பெண் பார்க்க வந்தவரைப்போலப் பார்த்தாள்.

ஓட்டலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. இடுப்பு பிடித்தவருக்கு டாக்டர் வந்து ஊசி போட்டார். அந்தப் பஞ்சை என்னிடமிருந்து பிடுங்காதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதால் சங்கத்தார் கடைக்குக் காசை அனுப்பிவிட்டு அதை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். நாற்பது பேரும் இறங்கிப்போகும்போது ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள். அடுத்த வருஷம் பஸ் ஓட்ட நீங்கதான் வரணும் என்றார் தலைவியம்மா. வேண்டாம் என்று சொல்ல டிரைவர் வாயைத் திறந்தார். "எந்த மாசம்?" என்றுதான் வந்தது.

எல்லோரும் போனபிறகும் அவர் மனைவி முதல் சீட்டை விட்டு எழவில்லை. மடியில் பை, பைக்குள் மஞ்சள், முகத்தில் நாள் முழுக்கச் சிரித்த களைப்பு.

"இறங்கலையா? கடைசி ஸ்டாப் இதுதான்."

"இன்னொரு ரவுண்டு போங்களேன்."

"கம்பெனிக்காரன் கேட்டா என்ன சொல்றது?"

"சரியா நிறுத்தறதுக்கு இடம் பார்த்தேன்னு சொல்லுங்க."

டிரைவர் கியரைப் போட்டார். அவ்வளவு பெரிய பஸ்ஸில் ஒரே ஒரு பயணியை ஏற்றிக்கொண்டு, ஓட்டல் மைதானத்தை மெதுவாக, ஒரு கையால் ஸ்டியரிங்கை வழித்துக்கொண்டு, ஒரு முழு வட்டம் வந்தார். ஓட்டல் படியில் உட்கார்ந்து, பஸ்ஸில் விட்டிருந்த செருப்பை எடுத்துவந்து மாட்டிக்கொண்டிருந்த கிச்சுகிச்சு அதைப் பார்த்தாள். அவள் தோள் மறுபடி குலுங்கத் தொடங்கியது.